பின் சக்கரத்தில் ‘டக்’ சத்தம்: செயினைக் குற்றம் சொல்லும் முன்

வண்டி ஹீரோ ஸ்பிளெண்டர். 97.2 சிசி, நாலு கியர், செயின் முழுவதும் தகரக் கவருக்குள். புகார் மூன்று. ஆக்சிலேட்டரைக் குறைத்து மறுபடி முறுக்கும்போது பின்னால் ஒரு ‘டக்’. மேட்டில் இரண்டாவது கியரில் ஏறினால் கவருக்குள் ‘கட கட’. பின் பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறது.

இந்த மூன்றையும் ஒர்க் ஷாப்பில் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “செயின் செட் மாத்திடலாம் சார்.” செயின் செட் என்றால் செயினும் முன், பின் பல் சக்கரங்களும். மாற்ற வேண்டியிருக்கவும் கூடும். ஆனால் ‘டக்’குக்குச் செயின் தவிர இன்னும் மூன்று காரணங்கள் உண்டு: ஹப் ரப்பர் (சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் துண்டுகள்), வீல் பேரிங், சரியாக இறுக்காத ஸ்லீவ் நட் (பல் சக்கரத்தின் ஹப்பைப் பிடித்திருக்கும் நட்டு). நாலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. பின் சக்கரத்தை ஒருமுறை கழற்றினால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம், பிரேக் கட்டையும் அதோடு சேர்த்தி. முதல்முறை செய்பவருக்கு அரை நாள் ஆகும், பழகியவருக்கு இரண்டு மணி நேரம்.

கழற்றுவதற்கு முன் சோதனை

சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். இன்ஜின் ஓடும்போது செயின் பக்கம் துணியோ விரலோ போகவே கூடாது. முதல் கியரில் ஓடவிட்டுக்கொண்டே செயினைத் துடைப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். துணி பல் சக்கரத்தில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சக்கரத்தைக் கையால் சுற்றினாலே போதும்.

செயின் கவரின் கீழ்ப்பாதியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றி, உள்ளே தெரியும் கீழ்ச் செயினை ஸ்குரூ டிரைவரால் மேலே தள்ளி, கீழே அழுத்திப் பார்க்க வேண்டும். மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் உள்ள மொத்தத் தூரம்தான் தொய்வு. இந்த ரக 100 சிசி வண்டிகளுக்கு அது பொதுவாக 20 முதல் 30 மி.மீ. இருக்கலாம். சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி மறுபடி அளக்க வேண்டும், இப்படி நாலு இடம். இந்த வண்டியில் அதிகபட்சம் 40, குறைந்தபட்சம் 34. ‘கட கட’வுக்கு இதுதான் காரணம்: தொங்கும் செயின் இழுவையில் அலைந்து தகரத்தில் அடிக்கிறது. நாலு இடத்துக்கும் இடையே 6 மி.மீ. வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் விறைப்பும் இன்னோரிடத்தில் 20 மி.மீ. கூடுதல் தொய்வுமாக இருந்தால் செயின் சீரில்லாமல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை எப்படி அட்ஜஸ்ட் செய்தாலும் ஓரிடத்தில் தவறாகத்தான் இருக்கும்.

அடுத்து ‘டக்’. முதல் கியரில் போட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்ட வேண்டும். செயின் ஒரு பக்கம் விறைத்ததும் பல் சக்கரம் நின்றுவிடும். அதற்குப் பிறகும் ரிம் நகர்ந்தால் அந்த நகர்வு ஹப் ரப்பருடையது. நல்ல ரப்பராக இருந்தால் கையை எதிர்த்துத் தள்ளும், விட்டதும் திரும்பி வரும். இந்த வண்டியில் எதிர்ப்பே இல்லை. சும்மா நகர்ந்து போய் இரும்பில் முட்டுகிறது. ‘டக்’ எங்கிருந்து வருகிறது என்பது சக்கரத்தைக் கழற்றாமலேயே தெரிந்துவிட்டது.

கடைசியாக, டயரைக் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இடங்களில் இரண்டு கையாலும் பிடித்துக் குறுக்கே ஆட்ட வேண்டும். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங் போயிருக்கிறது. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் மூட்டில் இருக்கும் புஷ் போயிருக்கிறது. வளைவில் வால் அலைகிற வண்டிகளில் டயரைக் குறை சொல்வதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

தேவையானவை

10, 12, 14, 17, 19 ரிங் ஸ்பேனர்கள், ஸ்லீவ் நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் பெரிய ஸ்பேனர், கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர், சுத்தியல், சின்ன மரக்கட்டை. அரை லிட்டர் மண்ணெண்ணெய் அல்லது டீசல், பழைய பெயிண்ட் பிரஷ், 80 நம்பர் உப்புத்தாள், ஒரு சின்ன டப்பா கிரீஸ், 100 மி.லி. 90 நம்பர் கியர் ஆயில், புது ஸ்பிலிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் பிளவு ஊசி) இரண்டு. ஹப் ரப்பரைச் சில கடைகளில் டேம்பர் ரப்பர் என்றோ கப்ளிங் ரப்பர் என்றோ கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். செட்டாகத்தான் வாங்க வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. ஸ்லீவ் நட்டில் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் போடுவது வேண்டாம். அந்த நட்டு தடிமன் குறைவானது, முனை சீக்கிரம் மழுங்கிவிடும்.

சக்கரம் வெளியே

முதலில் பிரேக் ராடின் கடைசியில் உள்ள நட்டைக் கழற்றி, மிதியை அழுத்தி ராடை உருவ வேண்டும். ராடில் இருக்கும் ஸ்பிரிங்கும், பிரேக் ஆர்மின் துளையில் கிடக்கும் உருளை ஊசியும் கீழே விழுந்தால் தேடுவதற்கே அரை மணி நேரம் போய்விடும். கழற்றியதும் இரண்டையும் ராடிலேயே கோத்து நட்டை இரண்டு சுற்று ஏற்றி வைத்துவிடலாம். பிறகு பிரேக் பிளேட்டைச் ஸ்விங் ஆர்மோடு பிடித்திருக்கும் டார்க் ராடு. அதன் ஸ்பிலிட் பின்னை நிமிர்த்தி எடுத்து நட்டைக் கழற்ற வேண்டும்.

இனி அச்சு. ஸ்பிளெண்டரின் பின் சக்கரத்தில் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. பல் சக்கரம் தனி ஹப்பில் உட்கார்ந்திருக்கும். அந்த ஹப்பைச் செயின் பக்கம் ஸ்விங் ஆர்மோடு பிடித்திருப்பதுதான் ஸ்லீவ் நட். அச்சு அதற்குள் புகுந்து போகிறது. ஆகவே அச்சு நட்டை மட்டும் கழற்றி அச்சை உருவி, பிரேக் பக்கம் அச்சில் கோத்திருக்கும் காலர் என்ற குழாய்த் துண்டை எடுத்து, சக்கரத்தைப் பிரேக் பக்கமாக நகர்த்தினால் சக்கரம் தனியே வந்துவிடும். செயினும் பல் சக்கரமும் இருந்த இடத்திலேயே நிற்கும். பஞ்சர் போடுபவர் செயினைத் தொடாமல் சக்கரத்தைக் கழற்றுவது இதனால்தான். மட்கார்டுக்குக் கீழே சக்கரத்தை இழுக்க, வண்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும்.

இதே ஏற்பாட்டில்தான் பெரிய தவறும் நடக்கிறது. செயினை இறுக்க வேண்டுமென்றால் அச்சு நட்டு, ஸ்லீவ் நட்டு இரண்டையும் தளர்த்த வேண்டும். அச்சு நட்டை மட்டும் தளர்த்தி, அச்சைப் பின்னே இழுக்கும் இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் சமமாகத் திருகினால் பிரேக் பக்கம் நகரும், செயின் பக்கம் நகராது. சக்கரம் கோணிக்கொள்ளும். முறுக்கிக்கொண்டே போனால் அட்ஜஸ்டரின் மரை போய்விடும். இந்த வண்டியில் ஸ்விங் ஆர்மின் கோடுகளைப் பார்த்தால் பிரேக் பக்கம் ஒரு கோடு பின்னால் இருந்தது. பல் சக்கரத்தின் பற்களில் உள்பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. யாரோ ஸ்லீவ் நட்டைத் தொடாமலே அவசரமாகச் செயின் இறுக்கியிருக்கிறார்கள்.

ஹப் ரப்பர்

சக்கரத்தின் ஹப்பில் உள்ள குழிகளில் நாலு ரப்பர் துண்டுகள் உட்கார்ந்திருக்கும். பல் சக்கர ஹப்பின் காதுகள் அவற்றுக்கு நடுவே நுழையும். இன்ஜினின் இழுப்பு முதலில் ரப்பரை நசுக்கி, அதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. கியர்பாக்ஸுக்கும் செயினுக்கும் நேரே அடி விழாமல் காப்பது இந்த நாலு துண்டுதான்.

எடுத்துப் பார்த்தபோது ரப்பர்களின் ஒரு பக்கம் கட்டைவிரல் அழுத்திய களிமண் போலக் குழிந்திருந்தது. இரண்டில் விரிசல். குழிகளுக்குள் கருப்பு மாவு. வண்டியை இழுக்கும்போது நசுங்கும் பக்கம்தான் முதலில் போகும். எதிர்ப்பக்கம் இன்ஜின் பிரேக்கிங்கின்போது மட்டும் நசுங்குவதால் புதுசு போலவே இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு “நல்லாத்தான் இருக்கு” என்று மாட்டிவிடக் கூடாது.

சைக்கிள் டியூபை வெட்டி இடைவெளியில் செருகுவது நம் ஊரில் பழைய வித்தை. ஊர் போய்ச் சேர உதவும், சில நூறு கிலோமீட்டரில் நசுங்கி வெளியே வந்துவிடும். புது ரப்பர் இறுக்கமாக உட்காரத்தான் செய்யும். அதற்காகக் கிரீஸோ ஆயிலோ தடவக் கூடாது, ரப்பர் ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். சோப்புத் தண்ணீர் தொட்டு, மரக்கட்டை வைத்துச் சமமாகத் தட்டினால் உள்ளே போய்விடும்.

சக்கரம் கையில் இருக்கும்போதே பேரிங்குக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்க்க வேண்டும். வெண்ணெய் போலச் சுற்றினால் விட்டுவிடலாம். மணல் அரைபடுவது போலவோ, ஓரிடத்தில் தட்டித் தட்டியோ சுற்றினால் மாற்ற வேண்டும். அளவு தெரியவில்லை என்ற கவலை வேண்டாம், எண் பேரிங்கின் விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். உதாரணத்துக்கு 6301 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மி.மீ. எந்தக் கம்பெனி பேரிங்கும் இந்த அளவில்தான் வரும். புதியதை அடித்து ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும் அடி விழ வேண்டும். பழைய பேரிங்கையே மேலே வைத்துத் தட்டுவது எளிய வழி. உள்வளையத்தில் அடித்தால் குண்டுகள் தடத்தில் பள்ளம் போட்டுவிடும், புது பேரிங் முதல் நாளிலிருந்தே முனகும். இந்த வண்டியில் பேரிங் நன்றாகவே இருந்தது.

பிரேக் கட்டையும் ஒரு புள்ளியும்

பிரேக் பிளேட்டை எடுத்ததும் உள்ளே ஒரு பிடி கருப்புத் தூள் இருக்கும். வாயால் ஊதவோ காற்றுப் பம்பு பிடிக்கவோ கூடாது. கட்டைமேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனர். பழைய லைனர்களில் கல்நார் இருந்திருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடைத்து, துணியைத் தூக்கி எறிந்துவிடலாம்.

ஸ்பிளெண்டரின் டிரம் 130 மி.மீ. லைனர் 2 மி.மீ.க்குக் குறைந்தால் கட்டையை மாற்ற வேண்டும். இங்கே சுமார் 2.5 மி.மீ. இருந்தது, மேல்பரப்பு கண்ணாடி போல மின்னியது. அந்த மினுமினுப்பு இருந்தால் கட்டை கத்தும், பிடிக்காது. உப்புத்தாளை வட்டமாகத் தேய்க்காமல் குறுக்கே இழுத்து, பரப்பு மங்கலாகும் வரை சொரசொரப்பாக்க வேண்டும். டிரம்முக்குள்ளும் லேசாக ஒரு சுற்று. கட்டையை விரிக்கும் கேமின் தண்டிலும் எதிர்ப்பக்க ஊசியிலும் மிளகளவு கிரீஸ் வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் சூட்டில் உருகி லைனரில் இறங்கும். கிரீஸ் குடித்த லைனரைக் காப்பாற்ற வழியில்லை.

மிதி ஏன் ஆழமாகப் போகிறது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது. கேம் தண்டின் முனையில் ஒரு புள்ளி குத்தியிருக்கும். அதில் மாட்டும் ஆர்மிலும் ஒரு புள்ளி உண்டு. இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். இங்கே ஆர்ம் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தது. கட்டை தேய்ந்து, ராடு நட்டை மேலும் திருக இடமில்லாமல் போகும்போது, புதுக் கட்டைக்குப் பதிலாகச் செய்யும் குறுக்கு வழி இது. அன்றைக்குப் பிரேக் பிடிக்கும். ஆனால் ஆர்மும் ராடும் செங்கோணத்தைத் தாண்டிவிடுவதால், மிதி எவ்வளவு அழுத்தினாலும் கேமுக்குப் போகும் விசை குறைந்துகொண்டே வரும். தேய்மானம் காட்டும் அம்புக்குறியும் பொய் சொல்லும். இன்னும் தேய்ந்தால் கேம் ஒரேயடியாகப் புரண்டு மாட்டிக்கொள்ளும். ஓடுகிற வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொள்வது அப்படித்தான்.

ஆர்மைச் சரியான புள்ளியில் மாட்டியதும், மிச்சமிருந்த 2.5 மி.மீ. லைனருக்கு ராடு நட்டு மரையின் கடைசிக்கே வந்துவிட்டது. தயங்காமல் புதுக் கட்டை போடப்பட்டது.

செயின்: மாற்றுவதா, விடுவதா

கவரின் இரண்டு பாதிகளையும் கழற்றினால் பசை போல மண்ணும் ஆயிலும் திரண்டிருக்கும். மண்ணெண்ணெயில் பிரஷ் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். பெட்ரோல் வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து ஒரு பக்கம், உருளைகளுக்குள் மிச்சமிருக்கும் கொழுப்பையும் கழுவிவிடும் என்பது இன்னொரு பக்கம்.

இந்த வண்டிகளில் வருவது 428 அளவுச் செயின். ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையே 12.7 மி.மீ. செயினை விறைப்பாக இழுத்து, முதல் ஊசியின் மையத்திலிருந்து 21ஆம் ஊசியின் மையம் வரை அளந்தால் புதுச் செயினில் 254 மி.மீ. வரும். 259ஐத் தொட்டால் ஆயுள் முடிந்தது. இங்கே 256. பற்களும் அரிவாள் போல வளையவில்லை. பின் பல் சக்கரத்தின் கடைசிப் புள்ளியில் செயினைப் பின்னோக்கி இழுத்தால் பல்லில் பாதிகூடத் தெரியவில்லை. ஆகவே செயின் செட் மாற்றவில்லை. மாற்ற நேர்ந்தால் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் ஏறினால் அதுவும் அதே வேகத்தில் நீளும்.

செயின் லாக்கைக் கழற்றியிருந்தால் திரும்பப் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல் ஓட்டத்தில் செயின் முன்னோக்கிப் போகும். லாக் கிளிப்பின் மூடிய முனை அந்தத் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த முனை பின்னால். மாற்றிப் போட்டால் எதிலாவது தட்டிக் கிளிப் கழன்றுவிடும்.

ஆயில் விடுவது கீழ் ஓட்டத்தின் உள்பக்கத்தில். சுழற்சி அதை வெளிப்பக்கம் தள்ளும்போது உருளைக்குள் இறங்கும். உட்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே இணைப்புக்கு ஒரு சொட்டு போதும். பத்து நிமிடம் ஊறவிட்டு மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றும் வழக்கம் இன்னும் போகவில்லை. அதில் கரியும் இரும்புத் துகளும் கலந்திருக்கும், செயினுக்குள் உப்புத்தாளைத் தேய்ப்பது போலத்தான். மூடிய கவர் என்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, திறந்த செயின் என்றால் 500க்கு ஒருமுறை. ஐப்பசி மழையில் நனைந்தால் கணக்குப் பார்க்காமல் மறுநாளே.

திரும்ப மாட்டும்போது

சக்கரம், காலர், அச்சு, டார்க் ராடு, பிரேக் ராடு என்று கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசை. நட்டுகளைக் கையளவில் மட்டும் ஏற்றி வைத்துக்கொண்டு, செயினின் விறைப்பான இடத்தைக் கீழ் ஓட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டு அட்ஜஸ்டரையும் கால் கால் சுற்றாகத் திருக வேண்டும். அச்சு ஒரு மில்லிமீட்டர் பின்னே போனாலே தொய்வு பல மில்லிமீட்டர் குறைந்துவிடும், பொறுமை வேண்டும். விறைப்பான இடத்தில் 25 வைத்தால் நல்லது. இறுக்கமாக வைத்தால் சத்தம் வராது என்ற நினைப்பில் 10க்குக் கொண்டுபோனால், இரண்டு பேர் ஏறி ஸ்விங் ஆர்ம் அமுங்கும்போது செயின் நாண் போல விறைத்துக் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்றுவிடும்.

ஸ்விங் ஆர்மின் கோடுகளை முழுக்க நம்ப வேண்டாம். ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் மையத்திலிருந்து அச்சின் மையம் வரை ஒரு குச்சியை வைத்து இரண்டு பக்கமும் ஒத்துப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும்.

இறுக்கும்போது இரண்டு சின்ன வித்தைகள். செயினுக்கும் பின் பல் சக்கரத்துக்கும் நடுவே சுருட்டிய துணியைக் கொடுத்துச் சக்கரத்தைப் பின்னோக்கிக் கொஞ்சம் திருப்பினால், அச்சு அட்ஜஸ்டரோடு இறுக ஒட்டிக்கொள்ளும், முறுக்கும்போது நழுவாது. பிரேக் மிதியை இன்னொருவர் அழுத்திப் பிடித்திருக்கும்போது அச்சு நட்டை இறுக்கினால், கட்டைகள் டிரம்மின் நடுவில் உட்காரும். முதலில் ஸ்லீவ் நட்டு, பிறகு அச்சு நட்டு. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 30 செ.மீ. நீளக் கைப்பிடியின் முனையில் 20 கிலோ எடை தொங்கும் அளவுக்கு அழுத்தினால் சுமார் 59 நியூட்டன் மீட்டர். இந்த ரக அச்சு நட்டுக்கு அந்த அளவு போதும், பைப் மாட்டி ஏறி மிதிக்கத் தேவையில்லை. இறுக்கிய பிறகு தொய்வை மறுபடி அளக்க வேண்டும், பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறியிருக்கும்.

டார்க் ராடுக்குப் புது ஸ்பிலிட் பின் கட்டாயம். அந்த நட்டு கழன்றால் பிரேக் பிடித்த நொடியில் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, ராடை வளைத்துச் சக்கரத்தைப் பூட்டிவிடும். ஸ்பிலிட் பின் சின்னச் சமாச்சாரம்தானே என்று பழையதையே நிமிர்த்திப் போடுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிரேக் ராடு நட்டை மிதியில் 20 முதல் 30 மி.மீ. சும்மா இறங்கும்படி வைக்க வேண்டும். நட்டின் முகத்தில் இருக்கும் குழி, ஆர்மின் உருளை ஊசியில் சரியாக உட்கார வேண்டும். அரைச் சுற்றுக்கு ஒருமுறை ‘கிளிக்’ என்று விழுவதை விரலில் உணரலாம். பாதியில் நின்றால் ஓட்டத்தில் தானே திரும்பித் தளர்ந்துவிடும். மிதியின் உயரம் மாறியதால் பிரேக் லைட் ஸ்விட்சையும் சரி பார்க்க வேண்டும். கட்டை டிரம்மைத் தொடுவதற்குச் சற்று முன்பே லைட் எரிய வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான பெரும்பாலான பைக்குகளில் பின் மிதியோடு முன் பிரேக்கும் இணைந்திருக்கும். அவற்றில் பின் ராடைச் சரிசெய்த பிறகு முன் சக்கரம் தானாக உரசுகிறதா என்றும் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

ஓட்டிப் பார்த்தது

புதுக் கட்டை உடனே கடிக்காது. ஆளில்லாத தெருவில் 30 கி.மீ. வேகத்தில் மெல்ல மெல்லப் பத்துப் பன்னிரண்டு முறை பிடித்து விட்டால் உரசிப் படியும். திடீர்ப் பிரேக் போட்டு ‘செட்’ பண்ணுவது வேண்டாம், லைனர் எரிந்து மறுபடி கண்ணாடியாகிவிடும். திரும்பி வந்ததும் ஹப்பைத் தொட்டுப் பார்க்கலாம். லேசான வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் ராடு இறுக்கம்.

ஆக்சிலேட்டரை விட்டு முறுக்கும்போது இருந்த ‘டக்’ போய்விட்டது. மேட்டில் ‘கட கட’வும் இல்லை. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் அச்சு நட்டு, ஸ்லீவ் நட்டு, தொய்வு மூன்றையும் ஒருமுறை சரிபார்த்தாகிவிட்டது. தொய்வு 27க்கு வந்திருந்தது, தொடவில்லை.

காலையில் குளிர்ந்த இன்ஜினில் முதல் கியர் விழும்போது ஒரு சின்ன ‘டக்’ இன்னும் கேட்கும். அது ஆயில் கெட்டியாக இருக்கும்போது கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருப்பதால் கியர்பாக்ஸுக்குள் வருவது. கிளட்ச் கைப்பிடியின் முனையில் 10 முதல் 20 மி.மீ. ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், அதற்காகப் பின் சக்கரத்தை மறுபடி கழற்ற வேண்டாம்.